இரண்டு மருத்துவர்கள், இரண்டு அறிக்கைகள்: நீதிமன்றத்தில் மனநல மருத்துவரின் தொழில் அறம்

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவர் ஆண்டர்ஸ் பிரெய்விக். நீதிமன்றம் நியமித்த இரண்டு மனநல மருத்துவர்கள் அவரைப் பல முறை சந்தித்துப் பேசி, அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தார்கள். அவருக்கு மனச்சிதைவு நோய், குற்றம் நடந்தபோதும் அந்த நோயின் பிடியில்தான் இருந்தார் என்றது அறிக்கை. நாடு கொந்தளித்தது. நீதிமன்றம் வேறு இருவரை நியமித்தது. மனச்சிதைவு எதுவும் இல்லை, இருப்பது ஆளுமைக் கோளாறு மட்டுமே என்று 2012 ஏப்ரலில் அவர்கள் சொன்னார்கள்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் படிப்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மனநல மருத்துவம் என்பதே வெறும் ஊகம் என்பது ஒன்று. யாரோ விலைபோயிருக்கிறார் என்பது மற்றொன்று. ஊகமும் உண்டு, விலைபோனவர்களும் உண்டு. ஆனால் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மருத்துவரிடம் கேட்கப்பட்டது முழுக்க மருத்துவக் கேள்வி அல்ல. அவரை அழைத்தவரும் நோயாளி அல்ல. இந்தத் துறையின் அறச்சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

## நீதிமன்றம் கேட்பது என்ன

இந்தத் துறையைத் தமிழில் சிலர் 'தடயவியல் மனநல மருத்துவம்' என்கிறார்கள். சொல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ரத்தக்கறையோ கைரேகையோ இங்கே இல்லை. ஒரு மனிதர் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார், அவ்வளவுதான். 'சட்டம் சார்ந்த மனநல மருத்துவம்' என்றால் இன்னும் சரியாக இருக்கும். நீதிமன்றம் இதில் கேட்கும் கேள்விகளைக் காலத்தை வைத்துப் பிரிக்கலாம்.

1. கடந்த காலம்: குற்றம் நடந்த அந்த நேரத்தில் அவருடைய மனநிலை எப்படி இருந்தது?
2. நிகழ்காலம்: இப்போது விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா? குற்றச்சாட்டு என்னவென்று புரிகிறதா, தன் வக்கீலுக்கு ஒத்துழைக்க முடிகிறதா? அமெரிக்காவில் இதற்கான அளவுகோலை 1960இல் டஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.
3. எதிர்காலம்: இவரை வெளியே விட்டால் மறுபடியும் யாரையாவது தாக்குவாரா?

இவை தவிர உயில், குழந்தையின் பாதுகாப்பு உரிமை, இழப்பீடு என்று உரிமையியல் வழக்குகளும் உண்டு. அங்கேயும் இதே மூன்று காலங்கள்தான்.

முதல் கேள்வியில்தான் சண்டை அதிகம். அதற்கான விதி 1843இல் லண்டனில் பிறந்தது. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை டேனியல் மெக்நாட்டன் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சி தன்னைத் துரத்தித் துன்புறுத்துகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மருத்துவர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. நாடாளுமன்றத்தில் அமளி எழுந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்க, அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதிகள். மனநோயால் அறிவு குலைந்து, தான் செய்வது என்னவென்றே தெரியாத நிலையில் இருந்தாரா, அல்லது தெரிந்தும் அது தவறு என்று உணர முடியாத நிலையில் இருந்தாரா என்பதே அதன் சாரம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் இதை எடுத்துக்கொண்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு.

இந்த விதியில் எந்த நோயின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனச்சிதைவு நோய் இருப்பவர் ஒருவர், தான் செய்வது கொலை என்றும் அது தவறு என்றும் தெரிந்தே கொலை செய்ய முடியும். அப்போது மருத்துவத்தின் கண்ணில் அவர் நோயாளி, சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 'நோய் இருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகும் தண்டனையா?' என்ற வழக்கமான கேள்விக்கு இதுதான் பதில்.

நார்வேயின் சட்டம் அன்று வேறு மாதிரி இருந்தது. குற்றம் நடந்தபோது ஒருவர் கடும் மனப்பிறழ்வில் இருந்தார் என்றாலே போதும், அவரைத் தண்டிக்க முடியாது. நோய்க்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருந்ததா என்று சட்டம் கேட்கவே இல்லை. அதனால் மருத்துவர் எழுதும் ஒற்றை வரிதான் தீர்ப்பு என்ற நிலை. பிரெய்விக் வழக்கில் இன்னொரு தலைகீழ் வேடிக்கையும் நடந்தது. அவரை மனநோயாளியாகக் கருதுங்கள் என்று கேட்டது அரசுத் தரப்பு. எனக்குப் பைத்தியம் இல்லை என்று வாதாடியவர் பிரெய்விக். 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டாவது அறிக்கையின் பக்கம் சாய்ந்து 21 ஆண்டுத் தடுப்புக்காவல் விதித்தது. நோயின் பெயர் மட்டுமே விடையாகிவிடாதபடி அந்த நாட்டுச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, 2020இல் நடைமுறைக்கு வந்தது.

விடுதலை என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. மெக்நாட்டன் வீட்டுக்குப் போகவில்லை. மீதி வாழ்நாளை, 1865இல் இறக்கும்வரை, மனநல விடுதிகளிலேயே கழித்தார்.

## எதிரே இருப்பவர் உங்கள் மருத்துவர் அல்ல

சாதாரண மருத்துவத்தில் எஜமானர் யார் என்ற கேள்வியே எழாது. வலி நோயாளியுடையது, வேலை நோயாளிக்காக. நோயாளிக்குக் கேடு செய்யாதே என்ற பழைய விதி அதன் மேல் நிற்கிறது. நீதிமன்றத்துக்காகப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு இந்த விதி உதவாது. அவருடைய அறிக்கையால் எதிரே இருப்பவர் சிறைக்குப் போகலாம், பிள்ளையை இழக்கலாம், தூக்குமேடைவரை கூடப் போகலாம். கேடு செய்யாதே என்றால் பாதி அறிக்கைகளை எழுதவே முடியாது.

அப்படியானால் எந்த விதியைப் பிடித்துக்கொள்வது? இந்தக் கேள்வியைத் துறைக்குள்ளேயே வெடிக்க வைத்தவர் ஆலன் ஸ்டோன். ஹார்வர்டில் சட்டமும் மனநல மருத்துவமும் கற்பித்தவர், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். இந்தத் துறையின் நிபுணர்கள் கூடிய சபையில் 1982இல் அவர் ஆற்றிய உரை, 'உங்கள் வேலைக்கு அறம் என்று ஒன்று உண்டா?' என்று கேட்காத குறைதான். தன் சொந்தக் கதை ஒன்றையும் சொன்னார். இராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது, திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின சார்ஜென்ட் ஒருவரைப் பரிசோதிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. திருடத் தூண்டும் மனநோய் இருக்கிறது என்பது சார்ஜென்ட்டின் தரப்பு. ஸ்டோன் எதற்காக வந்திருக்கிறார் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் மனம் திறந்து பேசினார். நிறவெறியால் வாழ்நாள் முழுவதும் பட்ட அவமானங்களையும், திருட்டுக்குப் பின்னால் இருந்த கோபத்தையும் கொட்டினார். ஸ்டோன் கேட்டதைத் தொகுத்தார், நோய் இல்லை என்று சாட்சி சொன்னார். சார்ஜென்ட்டுக்கு 5 ஆண்டு கடுங்காவல். அந்த மனிதர் தன்னிடம் பேசியது ஒரு மருத்துவரிடம் பேசுவதாக நினைத்துத்தான் என்ற உறுத்தல் ஸ்டோனை விடவில்லை.

பதில் சொல்ல வந்தவர் இதே துறையின் அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பெல்பாம். 1997இல் அவர் வைத்த வாதம் எளிமையானது. நீதிமன்றத்துக்காகப் பரிசோதிப்பவர் அந்த நேரத்தில் சிகிச்சை மருத்துவர் அல்ல, அந்த வேடத்தில் இருப்பதாகப் பாவனை செய்யவும் கூடாது. அவருடைய பணி நீதிக்கு உதவுவது. அதற்கு இரண்டு தூண்கள் போதும். ஒன்று உண்மை சொல்வது: தான் நம்புவதைச் சொல்வதோடு, அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதையும் சொல்வது. மற்றொன்று எதிரே இருப்பவரை மனிதராக மதிப்பது: ஏமாற்றாமல், மிரட்டாமல், நைச்சியம் செய்யாமல் இருப்பது.

காகிதத்தில் இது கச்சிதம். இந்தத் துறையில் இன்று அதிகம் ஏற்கப்படுவதும் இதுதான். ஆனால் இன்னொரு மனநல மருத்துவர் எஸ்ரா கிரிஃபித் எழுப்பிய எதிர்ப்பை அத்தனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சமூகத்தின் விளிம்பில் இருப்பவர் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கும்போது, அவருடைய வாழ்க்கைக் கதையை விட்டுவிட்டு நோயின் குறிகளை மட்டும் எண்ணினால், அந்த 'உண்மை' யாருடைய உண்மை என்று அவர் கேட்டார். சார்ஜென்ட்டின் கோபத்தை அறிக்கையின் எந்தப் பத்தியில் வைப்பது? நோய் அல்ல என்பதால் அதை விட்டுவிடலாமா? எனக்குத் தோன்றுவது, ஆப்பெல்பாம் வகுத்த எல்லைகள் தேவை, ஆனால் அவை ஒரு விஷயத்தைக் குறைத்து எடைபோடுகின்றன. மனநல மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப்போ ஸ்கேனோ ஆயுதம் அல்ல, காது கொடுத்துக் கேட்பதுதான். ஆண்டுக்கணக்கில் பயின்ற அந்தப் பரிவை அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது. அதுவே எதிரே இருப்பவரின் வாயைத் திறக்க வைக்கிறது.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி ஒன்றில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஒருவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே அவருடைய வழக்கில் நிபுணர் சாட்சியாக வரக் கூடாது. சிகிச்சை மருத்துவர் நோயாளியின் சொல்லை நம்பித் தொடங்குகிறார், அவர் பக்கத்தில் நிற்கிறார். நிபுணர் சாட்சியோ அந்தச் சொல்லைச் சந்தேகித்துச் சரிபார்க்க வேண்டும். நோயை நடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், காவல்துறை ஆவணங்களையும் குடும்பத்தினரின் கூற்றையும் ஒப்பிட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் சிகிச்சையும் கெடும், சாட்சியமும் கெடும். மருத்துவர்கள் குறைவாக இருக்கும் இடங்களில் இந்த விதி அடிக்கடி மீறப்படுகிறது. வேறு வழி இல்லாதபோது குறைந்தபட்சம் அதை அறிக்கையில் எழுத வேண்டும்.

## முதல் ஐந்து நிமிடங்கள்

அதனால்தான் பரிசோதனை தொடங்குவதற்கு முன் சொல்லப்படும் எச்சரிக்கைக்கு இத்தனை முக்கியத்துவம். அதில் இருக்க வேண்டியவை:

1. நான் மனநல மருத்துவர்தான், ஆனால் உங்களுக்குச் சிகிச்சை தர வரவில்லை.
2. என்னை அனுப்பியது இன்னார்: நீதிமன்றம், அரசுத் தரப்பு அல்லது உங்கள் வக்கீல்.
3. நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்காது. அறிக்கையில் வரலாம், நான் நீதிமன்றத்தில் சொல்லவும் நேரலாம்.
4. நான் சொல்லப்போவது உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம்.
5. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் மறுத்ததையும் நான் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. ஒரு மணி நேரம் பரிவோடு பேசிய பிறகு எச்சரிக்கை கரைந்துவிடும். 'டாக்டர், உங்களிடம் மட்டும் சொல்கிறேன்' என்று ஒருவர் தொடங்கினால், அந்த இடத்தில் அவரை நிறுத்தி, முதலில் சொன்னதை மறுபடியும் நினைவூட்டுவதுதான் அறம். வழக்குக்குப் பயன்படும் தகவல் அதனால் கைநழுவிப் போகலாம். போகட்டும்.

எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த எஸ்டெல் எதிர் ஸ்மித் வழக்கு உதாரணம். விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே டெக்சாஸ் நீதிமன்றம் ஒரு மருத்துவரை அனுப்பியது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, அதே சந்திப்பில் கேட்டதை வைத்து, 'இவர் என்றும் ஆபத்தானவர்' என்று மரண தண்டனைக்கு ஆதரவாக அவர் சாட்சி சொன்னார். இரண்டாவது கேள்விக்காகத் திறந்த வாயை மூன்றாவது கேள்விக்குச் சாட்சியாக்கியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். மரண தண்டனை ரத்தானது.

சம்மதம் என்ற அதே இழையில்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2010 செல்வி வழக்குத் தீர்ப்பும் வருகிறது. மருந்து செலுத்திப் பேச வைப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகியவற்றைச் சம்மதம் இல்லாமல் ஒருவர் மேல் திணிக்கக் கூடாது என்றது அது. மருந்தின் மயக்கத்தில் வரும் பேச்சு உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரமும் இல்லை.

## இரகசியம் எங்கே முடிகிறது

சிகிச்சை மருத்துவருக்கே இரகசியம் வரம்பில்லாதது அல்ல. நோயாளி ஒருவர் குறிப்பிட்ட ஒருவரைக் கொல்வேன் என்று சொன்னால், இலக்காகும் அந்த நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாரசாஃப் வழக்கில் தீர்ப்பளித்தது.

நிபுணர் சாட்சியின் நிலை இன்னும் விசித்திரம். இங்கிலாந்தில் டபிள்யூ என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்று, பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலை கோரித் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்தபோது, அவருடைய வக்கீல்களே டாக்டர் எக்டெல் என்பவரை அமர்த்தினார்கள். எக்டெல் எழுதிய அறிக்கை அவர்களுக்குப் பாதகமாக அமைந்தது: வெடிகுண்டுகள் மேல் இவருக்கு நீண்டநாள் ஆர்வம் இருக்கிறது, ஆபத்து தீரவில்லை. வக்கீல்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள், அறிக்கையும் பெட்டிக்குள் போனது. எக்டெல் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனைக்கு அது தெரிய வேண்டும் என்று அனுப்பினார், உள்துறைக்கும் போனது. டபிள்யூ வழக்குத் தொடுத்தார். இரகசியம் மீறப்பட்டது உண்மைதான், ஆனால் பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு அந்த மீறல் நியாயமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்தது.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன், ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். தன் வக்கீல் அமர்த்திய மருத்துவரிடமிருந்தும் அறிக்கை அரசுக்குப் போகலாம் என்று தெரிந்த பிறகு, அடுத்த கைதி எதைச் சொல்வார்? சொல்லாமல் விட்டதால் சிகிச்சையே கிடைக்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. இதைக் கணக்கிட்டுத்தான் நீதிமன்றமும் உண்மையான, கடுமையான ஆபத்து என்று வாசலைக் குறுக்கி வைத்தது. மருத்துவருக்கு மனம் ஒப்பவில்லை என்பதெல்லாம் அந்த வாசலுக்குள் நுழையாது.

## பணம் கொடுப்பவர் பக்கம் தராசு சாயுமா

சாயும். பெரும்பாலும் மருத்துவருக்கே தெரியாமல் சாயும்.

2013இல் டேனியல் மர்ரியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. 108 நிபுணர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரே குற்றவாளிகளின் கோப்புகளைப் படித்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். சிலரிடம் நீங்கள் அரசுத் தரப்புக்காக வேலை செய்கிறீர்கள் என்றார்கள், மற்றவர்களிடம் எதிர்த்தரப்புக்காக என்றார்கள். இரண்டுமே பொய். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் ஆபத்து அதிகம் என்ற பக்கம் மதிப்பெண் போட்டார்கள், மற்றவர்கள் குறைத்துப் போட்டார்கள். மருத்துவரின் தீர்மானத்துக்கு இடம் அதிகமுள்ள அளவுகோலில் சாய்வும் அதிகமாக இருந்தது. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பொய் சொன்னதாக நினைக்கவும் இல்லை.

மனநல மருத்துவர் சங்கங்களின் அறவிதிகள் 'பாரபட்சமின்றி இரு' என்று கட்டளையிடாமல், பாரபட்சமின்மையை நோக்கி முயலச் சொல்வதற்கு இதுதான் காரணம். முயற்சிக்குச் சில திட்டமான வடிவங்கள் உண்டு. கட்டணம் செலவிட்ட நேரத்துக்குத்தான், கருத்துக்கு அல்ல; வழக்கு ஜெயித்தால் கூடுதல் பணம் என்ற ஒப்பந்தம் அறவே கூடாது. தன் முடிவுக்கு எதிரான தகவல்களையும் அறிக்கையில் எழுத வேண்டும். வக்கீல் வாசகத்தை மாற்றச் சொன்னால் எழுத்துப்பிழையைத் திருத்தலாம், கருத்தைத் திருத்தக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் 'தெரியாது' என்று சொல்லும் நிபுணரைப் பலவீனமானவர் என்று வக்கீல்கள் நினைப்பார்கள். அறத்தின் பார்வையில் அவர்தான் நம்பத் தகுந்தவர்.

ஒரு பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெக்சாஸின் ஆண்ட்ரியா யேட்ஸ் வழக்கைப் பார்க்கலாம். தன் ஐந்து குழந்தைகளை 2001இல் நீரில் மூழ்கடித்துக் கொன்ற அந்தத் தாய், கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். அரசுத் தரப்பின் நிபுணர், இதே மாதிரிக் கதையுள்ள தொலைக்காட்சித் தொடர் ஒன்று சம்பவத்துக்குச் சற்று முன் ஒளிபரப்பானது என்று சாட்சி சொன்னார். அப்படி ஒரு பகுதியே வந்திருக்கவில்லை. 2002இல் வந்த குற்றத் தீர்ப்பை 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஒரு காரணத்துக்காகவே ரத்து செய்தது. 2006 மறுவிசாரணையில், மனநிலை காரணமாக அவர் குற்றவாளி அல்ல என்று ஜூரி சொன்னது. அந்தத் தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று யாரும் நிறுவவில்லை. சரிபார்க்காத ஞாபகம், நிபுணர் என்ற பட்டத்தோடு வந்தபோது சாட்சியமாகிவிட்டது.

## பார்க்காமலே சொல்லலாமா

இந்தப் பழக்கம் துறையோடு கூடவே பிறந்தது. மெக்நாட்டன் வழக்கில் ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோ என்ற மருத்துவர், அவரைப் பரிசோதிக்காமல் நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சியங்களைக் கேட்டு மட்டுமே கருத்துச் சொன்னார்.

1964இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பேரி கோல்ட்வாட்டர் மனநிலையில் தகுதியானவரா என்று 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். ஒருவர்கூட அவரைப் பரிசோதித்திருக்கவில்லை. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்கில் ஜெயித்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், நேரில் பார்க்காத, சம்மதம் தராத பொதுமனிதரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்வது அறமல்ல என்று விதி செய்தது. கோல்ட்வாட்டர் விதி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நீதிமன்றத்தில் விளைவு இதைவிடக் கொடியதாக இருந்தது. டெக்சாஸில் காவலரைக் கொன்ற தாமஸ் பேர்ஃபூட்டுக்கு மரண தண்டனையா ஆயுளா என்பது, எதிர்காலத்தில் ஆபத்தானவரா என்ற கேள்வியில் தொங்கியது. ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மருத்துவர் அவரைப் பார்க்கவே இல்லை. எஸ்டெல் எதிர் ஸ்மித் வழக்கில் நாம் சந்தித்தவரும் இவர்தான். வக்கீல் 'இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்' என்று ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார். மறுபடி வன்முறையில் இறங்குவது நூற்றுக்கு நூறு உறுதி என்றார் கிரிக்சன். நீண்டகால ஆபத்தைப் பற்றிய மனநல மருத்துவர்களின் கணிப்பு மூன்றில் இரண்டு முறை தவறாகப் போகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. தொழிலே முன்வந்து எங்களை நம்பாதீர்கள் என்று சொல்லியும், குறுக்கு விசாரணை இருக்கிறதே என்று 1983இல் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தச் சாட்சியத்தை அனுமதித்தார்கள். 1984 அக்டோபரில் பேர்ஃபூட் தூக்கிலல்ல, விஷ ஊசியால் கொல்லப்பட்டார். கிரிக்சனைச் சங்கம் வெளியேற்றியது 1995இல்.

கணிப்பு எப்போதுமே கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. வயது, முன் குற்றங்கள், போதைப் பழக்கம் போன்றவற்றை வைத்து 'இத்தகையவர்களில் ஆபத்து இந்த அளவு' என்று ஒரு குழுவைப் பற்றிச் சொல்ல முடியும். இந்த ஒருவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு நூறு என்ற சொல் ஒரு மனநல மருத்துவரின் வாயில் வந்தாலே அங்கே மருத்துவம் நின்றுவிட்டது.

ஆனால் பார்க்காமல் சொன்னவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட முடியாது. சோவியத் ஒன்றியத்தில் அரசை விமர்சித்தவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று நோய்ப் பெயர் சூட்டி அடைக்கும் வழக்கம் இருந்தது. குறிகளே வெளியில் தெரியாமல் மெல்ல வளரும் நோய் அது என்பார்கள். இதைவிட வசதியான நோய் கிடைக்காது. ஜெனரல் பியோத்ர் கிரிகோரென்கோவை 1969இல் தாஷ்கண்டில் ஒரு மருத்துவக் குழு ஆரோக்கியமானவர் என்றது. மாஸ்கோவின் செர்ப்ஸ்கி நிறுவனம் மனநோயாளி என்றது. 1971இல் செமியோன் குளுஸ்மன் என்ற இளம் மருத்துவர், கிரிகோரென்கோவை நேரில் பார்க்காமலே, கிடைத்த ஆவணங்களை வைத்து அவருக்கு நோய் இல்லை என்று மாற்று அறிக்கை எழுதினார். கோல்ட்வாட்டர் விதியின் எழுத்துப்படி பார்த்தால் மீறல்தான். அதற்கு அவர் கொடுத்த விலை 7 ஆண்டு முகாம், 3 ஆண்டு உள்நாட்டிலேயே தொலைவான இடத்தில் கட்டாய வாசம். பின்னர் அமெரிக்காவுக்கு வந்த கிரிகோரென்கோவை அங்கே மருத்துவர்கள் பரிசோதித்து, மனநோய் இல்லை என்றே சொன்னார்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? கிரிக்சன் தன் அறிவின் எல்லையை மறைத்து, அதிகாரத்தின் கைக்கு ஒரு கருவி கொடுத்தார். குளுஸ்மன் எதை வைத்துச் சொல்கிறேன் என்று காட்டி, அதிகாரம் தவறாகப் பிடித்திருந்த கருவியைத் தட்டிவிட்டார். 1977இல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கம் ஹவாய்ப் பிரகடனத்தை வெளியிட்டு, சோவியத் முறைகேட்டைக் கண்டித்தது. 1983இல் சோவியத் சங்கம் அதிலிருந்து விலகிப் போனது.

## குணப்படுத்தினால் கொல்வார்கள் என்றால்

இதுவரை பார்த்தவற்றில் மருத்துவருக்கு ஏதாவது ஒரு வழி இருந்தது. கடைசிச் சிக்கலில் அதுவும் இல்லை.

மனநிலை பிறழ்ந்தவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று 1986இல் ஃபோர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தான் ஏன் கொல்லப்படுகிறோம் என்று தெரியாதவரைக் கொல்வதில் பொருள் இல்லை என்பது அதன் உள்ளுணர்வு. அப்படியானால் மருந்து கொடுத்துத் தெளிவடைய வைத்துவிட்டுக் கொல்லலாமா? ஆர்கன்சாஸில் சார்ல்ஸ் சிங்கிள்டன் மருந்து எடுத்தால் தெளிவாக இருந்தார், நிறுத்தினால் குரல்கள் கேட்டன. கட்டாயமாக மருந்து கொடுக்கப்பட்டு வந்தவருக்குத் தண்டனையை நிறைவேற்றத் தடையில்லை என்று 2003இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். லூசியானா உச்ச நீதிமன்றம் 1992இல் பெர்ரி வழக்கில் நேரெதிராகச் சொல்லியிருந்தது: தண்டனையை நிறைவேற்றுவதற்காகக் கட்டாய மருந்து கூடாது.

மருத்துவர் மருந்து கொடுத்தால் கொலைக்கு வழி செய்கிறார். கொடுக்காவிட்டால், பயங்கரக் குரல்களின் நடுவே ஒருவரைத் தவிக்க விடுகிறார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறவிதி, தண்டனைக்குத் தகுதியாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை தரக் கூடாது என்கிறது, கடும் துன்பத்தைத் தணிப்பதற்கு மட்டும் விலக்கு வைக்கிறது. எங்கே துன்பம் தணிகிறது, எங்கே தகுதி திரும்புகிறது என்று மாத்திரையின் மேல் கோடு போட முடியாது.

மேரிலாந்து மாநிலம், 2013இல் மரண தண்டனையையே ஒழிப்பதற்கு முன்பு, இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. கைதி மனநிலை பிறழ்ந்தவர் என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால், அப்போதே மரண தண்டனை நீங்கி, பரோல் இல்லாத ஆயுள் தண்டனையாக மாறிவிடும். அதன் பிறகு மருத்துவர் தயங்காமல் மருந்தை எழுதலாம். அந்த ஒரு மாற்றத்தைச் சட்டம்தான் செய்ய வேண்டியிருந்தது. மருத்துவ அறவிதிகளில் எத்தனை பிரிவுகள் சேர்த்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.